இடது பக்கத்து மச்சான்

பூசையில் அக்கம்பக்கம் நிற்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் இடம் வந்ததும், பங்குப் பேரவைச் செயலாளர் தாமஸ் கைகளைக் குவித்தார். தலையை அளவாகச் சாய்த்தார். ஊருக்கே பாவமன்னிப்பு வழங்கும் புன்னகை ஒன்றை முகத்தில் ஏற்றிக்கொண்டு வலப்புறம் திரும்பினார்.

வலப்புறம் நின்றவர் அவருடைய தங்கை புருஷன் லூயிஸ்.

லூயிஸ் தமக்கு வலப்புறம் நின்ற பெரியவருக்குக் கும்பிட்டார். முன்வரிசைக்குக் கும்பிட்டார். யாரோ ஒரு தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைக்குக்கூடக் கும்பிட்டார். அப்புறம் பீடத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றுகொண்டார். இடப்புறம் திரும்பவே இல்லை. தாமஸின் குவிந்த கைகள், வாங்க ஆளில்லாத தபால் மாதிரி அந்தரத்தில் நின்றன.

பின்வரிசைப் பாடகர் குழு இதைப் பார்த்தது. பாடகர் குழு பார்த்தால் ராயபுரம் பார்த்த மாதிரி.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு லூயிஸின் கதை தெரியும். புதிதாகப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாக: லூயிஸ் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். மழைக்காலத்தில் ஒருநாள் பல் விளக்கும்போது பக்கவாதம் வந்து விழுந்தார். கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, பேச்சு போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கையைக் குலுக்கிப் பார்த்து, கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, ‘இனி வேலைக்குப் போகலாம்’ என்று சொல்லிவிட்டார். நாளை திங்கட்கிழமை காலை, முதலாளி உபைதுல்லா பாயின் டிரெய்லரை எர்ணாவூர் யார்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காகவே மகள் டெபோரா பெங்களூரிலிருந்து நேற்று ரயிலேறி வந்திருக்கிறாள்.

இத்தனை நாளும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது லூயிஸை வாதத்தைவிட மோசமாகப் படுத்தியிருந்தது. காய் நறுக்கச் சொன்னார்கள். சீரியலில் யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு, எர்ணாவூரிலிருந்து டோல்கேட் வரை வந்து டீசல் போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். ஒரு கீறல் கிடையாது என்று அன்று சாயங்காலம் தெருவுக்கே சொன்னார். அந்தச் சாவி இப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது. பூசைக்கும் அதோடுதான் போனார்.

டெபோராவின் படிப்பையும் சொல்லிவிட வேண்டும். அறிதிறன் நரம்பு உளவியல், முதுகலை, இரண்டாம் ஆண்டு. இதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவார். மூளையில் எந்த இடம் பழுதானால் மனுஷனுக்கு எது போகும், எது நிற்கும் என்று பார்க்கிற படிப்பு. அம்மா டோரதி அதை ‘மூள படிப்பு’ என்பார். தாய்மாமன் தாமஸ் நல்ல மனநிலையில் இருந்தால் கல்யாண வீடுகளில் ‘எங்க மருமக மூளை டாக்டர்’ என்பார். இல்லாவிட்டால், ‘மனசப் பத்தி படிக்குது, அதுக்கு எந்த டிபார்ட்மென்ட்ல போஸ்டிங் கீதுன்னு கேட்டா முழிக்குது’ என்பார்.

முதலாம் ஆண்டு விடுமுறையில் டெபோரா புதுப்புதுச் சொற்களோடு வந்து இறங்கினாள். அம்மாவுக்கு ஒரு குறைபாடு, பக்கத்து வீட்டு முத்தம்மாவுக்கு ஒரு குறைபாடு, மீன்காரருக்கு ஒன்று என்று பாரபட்சமில்லாமல் வழங்கினாள். அந்தச் சேவையை யாரும் ரசிக்கவில்லை. வீட்டில் யாரையும் டெஸ்ட் பண்ணக் கூடாது என்று டோரதி கரண்டியைக் காட்டிச் சட்டம் போட்டார். சொந்தக் குடும்பத்தாரைச் சோதிக்கக் கூடாது என்று அவளுடைய பேராசிரியையும் தனியாக ஒரு சட்டம் போட்டிருந்தார். அது இன்னும் நீளமான சட்டம்.

ஞாயிறு மதியம் வஞ்சிரம் வறுவல். டோரதி சோற்றை நடுவில் போட்டு, குழம்பை ஊற்றி, மீன் துண்டைத் தட்டின் இடது ஓரத்தில் வைத்தார். லூயிஸ் நாளைய வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். தட்டின் வலது பாதி துடைத்து வைத்த மாதிரி ஆனது. இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. மீனும் அப்படியே இருந்தது.

“இன்னிக்கி மீன் வாங்கலயா?” என்று கேட்டார் லூயிஸ்.

டோரதி கரண்டியைக் கீழே வைத்தார். திருவொற்றியூரிலிருந்து வந்த லூயிஸின் அக்கா, எண்ணெயில் பொரித்த மீன்தான் தம்பியைப் படுக்கப் போட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன ஞாயிறும் மீன் தட்டில் மிச்சம். இந்த ஞாயிறு மிச்சம் வைத்ததோடு குத்தல் வேறு. டோரதி தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் மூடி வைத்தார். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

மனிதக் கவனம் செயல்படும் விதம் பற்றிய கட்டுரை ஒன்றைப் போனில் ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்ததால், டெபோரா இதில் எதையும் கவனிக்கவில்லை.

டீ வேளையில் தாமஸ் வந்தார்.

ரயில்வேயில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபத்தையும் முறைப்படி மேலிடத்துக்கு அனுப்பிப் பழகியவர். காலை அவமானத்தைப் பேரவைக் கூட்டத்தில் வைப்பதா, பங்குத்தந்தையிடம் நேரில் வைப்பதா என்று யோசித்து, முதல்கட்டமாகச் சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கே வந்திருந்தார். வாயைத் திறக்கக் கூடாது, லூயிஸாகப் பேசட்டும் என்ற முடிவோடு செருப்பைக் கழற்றிவிட்டு, திருஇருதயப் படத்துக்குக் கீழே இருந்த தமது வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அது லூயிஸின் சோபாவுக்கு இடது கைப்பக்கம் இருந்தது.

டோரதி அண்ணனுக்கு டீ எடுத்து வர உள்ளே போனார்.

லூயிஸ் டெபோராவைப் பார்த்து, கொஞ்சம் கவலையாகவே சொன்னார்.

“உங்க மாமன் இன்னிக்கி பூசைக்கி வரல போல. ஒடம்பு கிடம்பு சொகமில்லயோ இன்னாவோ. ஒரு போன் போட்டுக் கேளும்மா.”

தாமஸ் எழுந்தார். எழும்போது அவரிடம் மேடைத் தமிழ்தான் இருந்தது.

“லூயிஸ். என்னை இல்லாதவனாகவே ஆக்கிவிட்டாயா?”

குரல் வந்த திசைக்கு லூயிஸ் திரும்பினார். முகம் மலர்ந்தது. “அட மச்சான், எப்ப வந்த?”

மேடைத் தமிழ் அதோடு தீர்ந்துபோனது.

“எப்ப வந்தனா? இன்னாடா, நான் இன்னா காத்தா? காலைல கோயில்ல கைய நீட்டிகினு நிக்கறேன், கொழந்தைக்கெல்லாம் சமாதானம் சொல்ற, எனக்கு இல்ல. இப்ப பக்கத்துல குந்திகினு கீறேன், போன் போட்டுக் கேக்க சொல்ற. பேஜார் பண்றியா?”

“மெய்யாலுமே நீ கோயிலுக்கு வந்தியா மச்சான்?” என்றார் லூயிஸ். நடிப்பே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாமஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

டெபோரா போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வலது கன்னம் மழமழவென்று மழித்திருந்தது. இடது கன்னத்தில் வெள்ளை முள் முளைத்திருந்தது. பிளேடு சரியில்லை என்று காலையில் அவரே சொன்னதற்கு அவளும் தலையாட்டியிருந்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய், மூடி வைத்த தட்டைத் திறந்தாள். கத்தியால் வெட்டின மாதிரி பாதித் தட்டு. அதன் ஓரத்தில் வஞ்சிரம்.

புத்தகத்தில் இது ஒரு முழு அத்தியாயம். அதில் வரும் நோயாளிகள் பாதிக் கடிகாரம் வரைவார்கள், பாதிப் பூ வரைவார்கள், பார்த்தாலே தெரியும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு அவள் எக்ஸ்ட்ரா ஷீட் வாங்கி எழுதியவள். அந்த அத்தியாயம் சட்டைப்பையில் சாவியோடு சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பேராசிரியைக்கு ஒரு மெசேஜ் போட்டாள். நீளமான பதில் வந்தது. நெருங்கிய உறவினரை மதிப்பிடுவது நெறிமுறைக்கு முரணானது, புதன்கிழமை கிளினிக்குக்கு அழைத்து வரவும் என்பது அதன் சாரம். எல்லாம் சரிதான். நாளை திங்கள் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

கூடத்துக்கு வந்து, முதல் தவறைச் செய்தாள். கல்லூரி வார்த்தையில் ஆரம்பித்தாள்.

“மாமா, டாடி வேணும்னு பண்ணல. வலது மூளையில அடிபட்டா சில பேருக்கு இடப்பக்கப் புறக்கணிப்புன்னு ஒன்னு வரும்…”

“அதத்தான நானும் சொல்றேன். புறக்கணிக்கிறான்.”

லூயிஸுக்கும் அது பிடிக்கவில்லை. எதிர்ச்சுவர் காலண்டரில் தேதிக்குக் கீழே பொடியாக அச்சடித்திருந்த புனிதரின் பெயரை உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துக் காட்டினார். “பெரிய டாக்டரு லைட் அட்ச்சி பாத்துட்டு கண்ணு பஸ்ட் கிளாஸ்னு சொன்னாரு. நீ இன்னும் படிச்சே முடிக்கல டெபி.”

“கண்ணு நல்லாத்தான் கீது டாடி.”

“அப்ப இன்னா? நாளைக்கி வண்டி எடுக்கறேன்.”

அவள் அப்பாவின் இடது கைப்பக்கம் ஒரு தரம் பார்த்தாள். டிரெய்லரின் அந்தப் பக்கத்தில்தான் எண்ணூர் ரோட்டின் பைக்குகள் எல்லாம் நுழையும். முன்னெல்லாம் கிளீனர் ஒருத்தர் இடது ஜன்னலில் தலையை நீட்டி, வண்டியின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே வருவார். இப்போது எந்த முதலாளியும் கிளீனர் வைப்பதில்லை.

“சரி டாடி. கண்ண மூடுங்க.”

“எதுக்கு?”

“சும்மா. கோயில் வாசல்ல நிக்கிறீங்க. அங்கேர்ந்து கல்மண்டபம் வழியா காசிமேட்டப் பாத்து நடங்க. ரோட்டுல ரெண்டு பக்கமும் இன்னா கீதுன்னு சொல்லிகினே போங்க.”

இரண்டு சட்டங்களையும் ஒரே நேரத்தில் மீறுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மா டீத் தம்ளரோடு அடுப்படி நிலைப்படியில் நின்றார். கரண்டியைக் காட்டவில்லை.

லூயிஸுக்கு இது விளையாட்டாக இருந்தது. அந்த ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு கிளம்பினார். உசேன் டீக்கடை சொன்னார். அடுத்து நைலான் கயிறு விற்கும் கடை, பாத்திரக் கடை, சைக்கிள் ரிப்பேர், எப்போதும் மூடியிருக்கும் ரேஷன் கடை. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இட்லி விற்கும் அம்மாவை விடவில்லை. ஐஸ் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதால் ஓரமாகப் போகிறேன் என்று காலைக்கூடச் சற்றுத் தூக்கினார்.

தாமஸுக்குள் இருந்த கண்காணிப்பாளர் விழித்துக்கொண்டார். “மருந்துக்கட எங்க? அதான் மொதல்ல வரும்.” டெபோரா உதட்டில் விரல் வைத்தாள். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். மருந்துக்கடை இல்லை. சலூன் இல்லை. தமது சொந்தச் சித்தப்பா மகன் வைத்திருக்கும் பழக்கடை இல்லை. அது இல்லாதது அவரைக் கொஞ்சம் திருப்திப்படுத்தியது, அது வேறு விஷயம்.

“அவ்ளோதான். ஹார்பர் கேட்டு. மீன் வாட வந்துச்சி,” என்றார் லூயிஸ், கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டு.

நிலைப்படியிலிருந்து டோரதி மெதுவாகச் சொன்னார்.

“இந்த மனுசன் நம்ம வூட்ட தாண்டிப் பூட்டாரே.”

அவர்கள் வீடு அதே ரோட்டில்தான். கோயிலிலிருந்து காசிமேட்டுக்குப் போகும்போது இடது கைப்பக்கம்.

“கண்ணத் தொறக்காதீங்க டாடி,” என்றாள் டெபோரா. “அப்பிடியே திரும்பி, கோயிலப் பாத்து வாங்க.”

லூயிஸ் திரும்பினார். இப்போது பழக்கடை வந்தது. சலூன் வந்தது, அதில் வெட்டிக்கொண்டிருக்கும் ஆளின் பெயரோடு. நம்ம வூடு வந்தது, வாசலில் டோரதி வைத்த செம்பருத்தி வந்தது, அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடை வந்தது. உசேன் டீக்கடை இல்லை. கயிறு இல்லை. இட்லிக்கார அம்மா இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் காலைத் தூக்கித் தாண்டிய தண்ணீரும் வற்றிப் போயிருந்தது.

கோயில் வாசலில் வந்து நின்று அவர் கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமஸ் எண்ணிய விரல்களை இன்னும் மடக்கியே வைத்திருந்தார்.

லூயிஸ் முட்டாள் இல்லை.

“போவும்போது வூடு எங்க பூட்ச்சி?” என்றார்.

டெபோரா இந்தத் தடவை கல்லூரியைக் கூப்பிடவில்லை. “கண்ணு ரெண்டு பக்கமும் பாக்குது டாடி. மூள அந்தப் பக்கம் போவ மறந்துடுது. கண்ண மூடிகினு நெனச்சாகூட அந்தப் பக்கம் போவல, பாத்தீங்கல்ல? கொஞ்சம் கொஞ்சமா சரியாவலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று அவள் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. டோரதி மகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

“நடக்கறது வேற, வண்டி வேற,” என்றார் லூயிஸ். “ஸ்டீரிங்கப் புட்ச்சா கை தானா ஓட்டும்.”

யாரும் மறுக்கவில்லை. அதனால் அவரே சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்தார். அவரே கண்ணை மூடினார். வலது கை ஸ்டீரிங்கில் இருந்தது, இடது கை கியருக்குப் போனது. டோல்கேட்டில் சிக்னல் விழக் காத்திருந்தார் போலிருக்கிறது, கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் கிளம்பினார். வெகு தூரம் ஓட்டினார்.

“லெப்ட்டுல யாருமே இல்ல டெபி,” என்றார். “டோல்கேட்டுலேர்ந்து எர்ணாவூரு வரைக்கும் காலியா கீது.”

அந்த ரோட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஷேர் ஆட்டோக்களும், பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு நுழையும் பைக்குகளும், மீன் கூடையோடு சாலையோரம் நடக்கும் பெண்களுமாக அந்த இடது ஓரம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அவர்களைத் திட்டியே லூயிஸுக்குத் தொண்டை தடித்தது.

அவர் கண்ணைத் திறந்து, சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

தாமஸின் நிலைமைதான் பரிதாபம். காலையிலிருந்து பொத்திப் பொத்திச் சுமந்து வந்த பெரிய அவமானம், இறக்கி வைக்க இடமில்லாமல் போய்விட்டது. தொண்டையைச் செருமினார். நாற்காலியைத் தூக்கி, லூயிஸுக்குத் தெரிகிற மாதிரி வலது பக்கம் போடப் போனார்.

“வேணாம் மாமா. அங்கயே குந்துங்க,” என்றாள் டெபோரா. “லெப்ட்டுல ஆள் இருந்து பேச்சுக் குடுத்துகினே இருக்கணும். அப்பதான் டாடி அந்தப் பக்கம் திரும்பிப் பழகுவாரு.”

“தெனமுமா?”

“தெனமும்.”

தாமஸ் யோசித்தார். எந்தப் பொறுப்பையும் மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதவியேற்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

டோரதி அடுப்படிக்குப் போய் மீனைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். தட்டை லூயிஸ் முன்னால் வைத்தார். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தார்.

“ஐய, வஞ்சரம்,” என்றார் லூயிஸ். “மத்தியானமே இத்த போட்டிருக்கலாம்ல?”

டோரதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைக்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

அப்போது லூயிஸின் போன் அடித்தது. சோபாவுக்கு இடது பக்க ஸ்டூலில், தாமஸின் முழங்காலுக்கு அருகே இருந்தது. உபைதுல்லா பாய் என்று திரையில் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கப் போன தாமஸின் கையை டெபோரா பிடித்து நிறுத்தினாள்.

லூயிஸ் சத்தத்தைக் கேட்டார். வலது பக்கம் தேடினார். மடியில் தேடினார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவர் போல், துருப்பிடித்த கேட்டைத் தள்ளுகிற மாதிரி தலையை இடப்பக்கம் மெல்ல மெல்லத் திருப்பினார். முதலில் தட்டுப்பட்டவர் தாமஸ்.

மீன் பட்ட விரல்களைச் சேர்த்து லூயிஸ் கும்பிட்டார்.

“சமாதானம் மச்சான்.”

“ம்… சமாதானம், சமாதானம். போன எட்ரா,” என்றார் தாமஸ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

லூயிஸ் போனை எடுத்துக் காதில் வைத்தார். “பாய், நானே பண்ணலாம்னு இருந்தேன். நாளைக்கி வண்டி எடுக்கல. வேற ஆளப் போட்டுக்கோ. இல்ல, ஒடம்புக்கு ஒன்னும் இல்ல, அப்பால வெவரமா சொல்றேன்.”

சொல்லிவிட்டார். டெபோரா மூச்சு விட்டாள்.

ஆனால் பாய் போனை வைக்கவில்லை. நாளைக்காக வண்டியைக் கழுவ யார்டுக்குப் போன இடத்திலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார். லூயிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை தாம் எடுத்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்றார். அதற்கப்புறம் யார் எடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் எடுக்கவில்லையா என்று இன்னொரு தரம், சின்னக் குரலில் கேட்டார்.

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளிருந்து பாயின் குரல் இன்னும் கேட்டது.

“லெப்ட் சைடு கண்ணாடி வேரோட பேந்து கீதாம் டெபி,” என்றார். “வெள்ளிக்கெழம எங்க இட்ச்சன்னு கேக்கறாரு.”

அவர் மகளைப் பார்த்தார். அவரும் அதையே அவளிடம் கேட்டார்.